ஹார்ட் டிஸ்க்கில் சந்தனப் பொட்டு

நம் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கட்டளைகள் எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அவை உங்கள் போனிலேயே கிடைக்கின்றன, என்னைவிட வேகமாகத் தேடியும் எடுக்கிறீர்கள். எடுத்ததை ஒட்டிவிட்டு என்டர் தட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிறீர்களா என்பதுதான் என் கவலை. போன மாதம் சென்டருக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்தேன். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். அவர் கை கீபோர்டில் போன வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதனால் ராசிபுரம் பக்கத்தில் ஒரு விஜயதசமி அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம்.

நம் பக்கத்து ஆயுத பூஜையைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு மாலை போடுவார்கள், நாமக்கல்லில் முட்டை வண்டிக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், தறிக் கொட்டகையில் ஒவ்வொரு தறிக்கும் பொட்டு வைப்பார்கள். கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே. அதையும் துடைத்து, தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டுவார்கள். அதனால்தான் மறுநாள் ஊரே லீவில் இருக்கும்போது நமக்கு மட்டும் போன் ஓயாது. என் அக்கா வீடு நாமக்கல்லில். வருடா வருடம் விஜயதசமிக்கு அங்கே போவேன், வருடா வருடம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவேன். அக்கா திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு இட்லி தட்டில் விழுந்ததும் போன் வந்தது. கலைச்செல்வி.

கலைச்செல்வி யார் என்று சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நெசவுக் குடும்பத்தின் மருமகள். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவள். அந்த வீட்டில் பல வருடமாக மற்றவர்கள் கொடுக்கும் டிசைனைத்தான் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த கலை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து, தானாகவே கற்றுக்கொண்டு, பார்டரும் முந்தியும் வரைய ஆரம்பித்தாள். மாமனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் நல்ல மனிதர், ஆனால் நூல் வியாபாரத்துக்காகப் பாதி நாள் வெளியூரில் இருப்பார். கடைசியில் மதுரையிலிருந்து ஒரு சேலைக் கடைக்காரர் அவள் டிசைனைப் போனில் பார்த்துவிட்டு, தறியில் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அங்கே தறிக்கு டிசைன் கம்ப்யூட்டரிலிருந்துதான் ஏறும். பார்த்துப் பிடித்திருந்தால் வீட்டுத் தறி அத்தனையிலும் அவள் டிசைன் ஓடும். பிடிக்காவிட்டால் அல்லது ஓடாவிட்டால், மாமனார் சொன்னபடி பழைய கூலி நெசவுக்கே திரும்பிவிடுவது, கலையும் டிசைன் என்ற பேச்சை விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கடைக்காரர் விஜயதசமி அன்று மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா, நாந்தானுங்க கலை. சிஸ்டம் ஆன் ஆகல. கருப்பா வந்து ரெஸ்க்யூன்னு ஒரு வார்த்தை நிக்குதுங்க. என்ன தட்டுனாலும் அசைய மாட்டேங்குது."

மூச்சு விடாமல் கொட்டினாள். அவள் சாதாரணமாக அப்படிப் பேசுகிறவள் அல்ல.

அந்த மெஷினை அமைத்துக் கொடுத்தது நான்தான். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று சின்னது, புதியது. அதில் லினக்ஸும், அதோடு நான் போட்ட பூட் லோடரும் இருந்தன. இன்னொன்று பெரியது, பழையது. அதில் விண்டோஸும், கலையின் டிசைன் அத்தனையும். விண்டோஸோடு வரும் பூட் லோடர் தன்னைத் தவிர யாரையும் கண்டுகொள்ளாது. அதனால் வேறு ஒன்றைப் போட்டிருந்தேன். பூட் லோடர் என்றால் என்ன என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நான், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் டைம் கீப்பர் மாதிரி என்பேன். அவர் பஸ் ஓட்டுவதில்லை. எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று தெரிந்து, இதை எடு என்று கை காட்டுவார். அவர் இல்லையென்றால் பஸ் எல்லாம் நன்றாக இருந்தும் ஒன்றும் கிளம்பாது. கருப்புத் திரையில் ரெஸ்க்யூ என்று வந்தால், கை காட்டுகிறவர் திசை தெரியாமல் நிற்கிறார் என்று அர்த்தம். டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இதை அவளுக்குச் சொன்னேன். கொஞ்சம் மூச்சு வந்தது. "இப்ப யாரு சிஸ்டத்துகிட்ட இருக்காங்க?" என்று கேட்டேன்.

"எங்க கொழுந்தனுங்க. செந்தில். புதுசா லினக்ஸ் போட்டுரலாம், அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்ங்கிறாரு. பென் டிரைவ்ல எல்லாம் ரெடி பண்ணி, இப்ப அதச் செருகி ஓட்டிட்டிருக்காரு."

"எந்தப் பென் டிரைவ்ல?"

"நீங்க பேக்கப்புக்குக் குடுத்தீங்களே, அதுலதானுங்க. வேற கைக்கு ஆப்புடலைன்னு..."

இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பென் டிரைவில்தான் அவள் டிசைனின் நகல் இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் செந்தில் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவாக மாற்றியிருக்கிறான். ஆக, உலகத்திலேயே அந்த டிசைன் இருக்கும் ஒரே இடம், அந்த வீட்டிலிருக்கும் பெரிய டிஸ்க்.

போனைச் செந்திலிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் முட்டாள் இல்லை. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தவன், வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன், அண்ணி மேல் மரியாதை உள்ளவன். அவன் சொன்னதில் கணக்கு சரியாகவே இருந்தது.

"மேடம், முதல் டிஸ்க்ல லினக்ஸ் மட்டுந்தானுங்க. ரெண்டாவதுலதான் டிசைன். நீங்க சொன்னதுதானே? முதல் டிஸ்க்க மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போடறேன். ரெண்டாவதத் தொடவே மாட்டேன். அழிக்கட்டுமான்னு கேக்கற இடத்துல நிக்குதுங்க. ஒரே ஒரு என்டர்."

"தட்டாதப்பா. நான் வந்து பாத்துக்கறேன்."

"நீங்க வரதுக்குள்ள அந்த மதுரைக்காரரு வந்துருவாருங்க மேடம். அண்ணி அழுதுட்டு உக்காந்திருக்காங்க."

"நேத்து பூஜைக்கு மெஷினைத் துடைச்சீங்களா?"

"துடைச்சோமுங்க. கம்ப்ரசர்ல காத்தடிச்சுச் சுத்தமா இருக்குது."

"உள்ள இருக்கறதக் கழட்டினீங்களா?"

"கழட்டி மாட்டுனதுதானுங்க. அதுல ஒண்ணுமில்ல."

அதில்தான் எல்லாம் இருந்தது, ஆனால் அப்போது என்னிடம் இருந்தது வெறும் சந்தேகம். டிஸ்க் வரிசை மாறியிருக்கலாம், முதலாவது என்று நீ நினைப்பது முதலாவதாக இல்லாமல் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் போன வாரம்கூடத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அழுகிற அண்ணி பக்கத்தில், மதியம் வரப்போகிற கடைக்காரர் மனதில், விரல் என்டரில். அந்த நிலையில் இருக்கும் ஆளிடம் போனில் வாதாடி ஜெயிக்க முடியாது. எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டால் போனை வைத்துவிட்டுத் தட்டிவிடுவான் என்றும் தெரிந்தது.

அக்கா வீட்டுச் சுவரில் தினக் காலண்டர் தொங்கியது. சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். மணி அப்போதுதான் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"செந்தில், அப்பாகிட்டக் குடு," என்றேன்.

மாமனார் வாங்கினார். தறிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த கை என்று நினைக்கிறேன். "சொல்லுங்க அம்மணி," என்றார்.

"ஐயா, உங்க பையன் மெஷின்ல இருக்கற பழசை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கப் போறாருங்க. ராகு காலத்துல ஆரம்பிக்கலாமுங்களா?"

போனைக் கீழே வைக்காமலே அவர் போட்ட அதட்டல் எனக்கு இங்கே கேட்டது. "டேய், கைய எட்றா. பத்தரை வரைக்கும் ஒருத்தனும் அந்தப் பட்டனத் தொடப்படாது." பிறகு என்னிடம், "நல்ல வேளைங்க அம்மணி, சொன்னீங்க. இவனுங்களுக்கு ஒண்ணுந் தெரியறதில்ல," என்றார்.

எனக்கு ராகு காலத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்க நான் நல்ல நேரம் பார்த்திருந்தால் இந்தத் தொழிலில் பிழைத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் கட்டுப்படும் சொல் அது ஒன்றுதான். ஒரு கையை நிறுத்த வேண்டிய நேரத்தில், நமக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கேட்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். விளக்கம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மெஷினை அணைக்கவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று கலையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பண்டிகை நாள் பஸ். புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். என் மேல் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் பாதி தூரம் சாய்ந்துகொண்டு வந்தது. கண்டக்டர் பொரிப் பொட்டலத்தை நீட்டினார். காலையில் விட்ட இட்லியை நினைத்துக்கொண்டு வாங்கித் தின்றேன்.

நான் போனபோது மூன்று பேரும் அந்தத் திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ சாமி பார்ப்பது போல. கலையின் முகம் வீங்கியிருந்தது. ராகு காலம் இன்னும் முடியவில்லை என்று மாமனார் எச்சரித்தார். பார்ப்பதற்கு ராகு காலம் தடையில்லையே என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பார்க்கலாம் என்றார். நம் தொழிலுக்கும் அதுதான் சட்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. படிப்பதால் எதுவும் கெட்டுப்போவதில்லை. எழுதுவதுதான் திரும்பி வராது.

திரையில் செந்தில் அழிக்க நின்ற முதல் டிஸ்க்கின் பேருக்குப் பக்கத்தில் அதன் அளவு சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு டெராபைட். நான் போட்ட சின்ன டிஸ்க் அதில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. விரலை வைத்துக் காட்டினேன்.

செந்தில் குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை. "மேடம், இது டிசைன் டிஸ்க்குங்க," என்றான்.

"ஆமா."

"நான் தட்டியிருந்தா..."

"தட்டலையே. எந்திரி, மெஷினை அணைச்சுட்டு மூடியக் கழட்டு."

எல்லாரும் சிபியூ என்று சொல்லும் அந்தப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே விசிறிக்குப் பொட்டு. பவர் சப்ளைக்குப் பொட்டு. இரண்டு டிஸ்க்குக்கும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று சந்தனமும் குங்குமமும் அழகாக வைத்திருந்தது. வெளியே எடுக்காமல் ஒரு டிஸ்க்கின் பின்பக்கம் பொட்டு வைக்க யாராலும் முடியாது.

மாமனார் பெருமையாகச் சொன்னார். "ஒவ்வொண்ணா எடுத்து வெச்சோமுங்க. தறிக்கு வெக்கறம், அதுல ஓடற நாடாவுக்கு வெக்கறம், இதுக்கு மட்டும் மேலோட்டமா வெச்சா நல்லாருக்குங்களா?"

செந்தில் கழற்றிக் கொடுத்திருக்கிறான், அப்பா பொட்டு வைத்திருக்கிறார், செந்தில் திரும்ப மாட்டும்போது எட்டிய கேபிளை எட்டிய டிஸ்க்கில் செருகியிருக்கிறான். இரண்டு கேபிளும் ஒரே நிறம். முதல் டிஸ்க் என்பது டிஸ்க்கின் பேர் இல்லை, அது உட்காரும் இடத்தின் பேர். கேபிள் மாறியதும் பேரும் மாறிவிட்டது. மெஷினும் வழக்கம்போல முதல் இடத்தில் இருக்கும் டிஸ்க்கைப் போய்க் கேட்டிருக்கிறது. அங்கே, செந்தில் எப்போதோ பெரிய டிஸ்க்கில் லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு அழித்ததில், பழைய பூட் லோடரின் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருந்தது. அது தன் மீதியைத் தேடிப் பார்த்து, காணாமல், ரெஸ்க்யூ என்று கை விரித்துவிட்டது. நான் போட்ட பூட் லோடர் பக்கத்து டிஸ்க்கில் பத்திரமாக, யாரும் கூப்பிடாமல் இருந்தது.

இரண்டு கேபிளையும் இடம் மாற்றினேன். பத்தரை தாண்டியதும் மாமனார் தலையசைத்தார். ஆன் செய்தோம். மெனு வந்தது. கலை கையைக் கூப்பினாள்.

இந்த இடத்தில் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். நானும் மனதுக்குள் கிளம்பிவிட்டேன், அக்கா வீட்டு மதியச் சாப்பாடு நினைவில் ஓடியது. ஆனால் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் ஓடியது. பெரிய டிஸ்க்கைக் காணவில்லை.

சற்று முன்பு இருந்த டிஸ்க். அளவோடு கண்ணால் பார்த்த டிஸ்க். கலை என்னைப் பார்த்தாள். வெளியே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டு மாமனார் எழுந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வண்டி என்று உட்கார்ந்தார்.

செந்தில், மறுபடி ஆன் செய்து பார்க்கலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். நான் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தாகம் இல்லை, கை சும்மா இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். குடித்துக்கொண்டே யோசித்தேன். வேலை செய்துகொண்டிருந்தது நின்றால், கடைசியாக எது மாறியது என்று கேட்க வேண்டும். கடைசியாக மாறியது கேபிள். மாற்றியது நான். என் விரலைப் பார்த்தேன். நுனியில் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருந்தது.

மெஷினை அணைத்து, பெரிய டிஸ்க்கின் கேபிளை உருவினேன். அதன் வாய்க்குள், செருகும்போது பொட்டிலிருந்து பெயர்ந்த காய்ந்த சந்தனத் துணுக்கு ஒன்று தங்கச் சங்கிலிக் கண்ணி அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

"சந்தனத்த எடுக்கோணுங்க ஐயா," என்றேன்.

மாமனார் முகம் மாறியது. "வெச்ச பொட்ட அழிக்கப்படாதுங்க அம்மணி. நல்ல நாளும் அதுவுமா."

"நெத்தியில இருக்கறது அப்படியே இருக்கட்டுமுங்க. வாயில போனத மட்டும் எடுத்துக்கறேன்."

அவர் கேபிளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். "வாயில போனது நம்ம தப்புத்தானுங்க," என்று சொல்லிவிட்டுத் தறியில் பஞ்சு தட்டும் மெல்லிய பிரஷைத் தானே எடுத்து வந்து கொடுத்தார். துணுக்கு வெளியே விழுந்தது. டிஸ்க்கின் நெற்றிப் பொட்டு கலையாமல் கேபிளைச் செருகினேன். மெனு வந்தது, லினக்ஸ் வந்தது, கலையின் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. அவள் அந்த டிசைனைத் திறந்தாள். அரக்குப் பார்டரில் கொடி ஓடும் முந்தி. திரை முழுவதும் விரிந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செந்தில் அறையை விட்டு வெளியே போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஆர்டர் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அந்த வீட்டில் இப்போது ஓடுவது எல்லாம் அவள் டிசைன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது, ஆர்டருக்கு முன்னால் நடந்த ஒன்று.

டிசைன் திரையில் விரிந்த அதே நேரத்தில்தான் மதுரைக்காரர் வந்து இறங்கினார். சொன்னதைவிடச் சீக்கிரம். பெரிய கடை, பெரிய மனிதர். மாமனார் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவரைக் கம்ப்யூட்டர் அறையை ஒட்டிய தறிப் பக்கம் அழைத்து வந்துகொண்டே, "கண்ணு, டிசைனத் தறியில ஏத்து சாமி. வந்தவங்கள நிக்க வெக்கப்படாது," என்று குரல் கொடுத்தார்.

கலை எழுந்திருக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினாள். என் பையில் எப்போதும் ஒரு காலிப் பென் டிரைவ் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன்.

"காப்பி எடுத்துட்டு வாரேனுங்க மாமா," என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அவரு நிக்கறாரு."

"எடுத்துட்டுத்தானுங்க வாரேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் பென் டிரைவைச் செருகினாள். அந்த வீட்டில் மாமனார் ஒன்று சொல்லி மருமகள் மறுத்துச் சொன்னதை நான் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். செந்தில் தரையைப் பார்த்தான். நான் ஸ்க்ரூவை எண்ணுவது போலப் பாவனை செய்தேன். கடைக்காரர் மாமனாரைப் பார்த்தார், என்ன சொல்லப் போகிறார் என்று. மாமனார் திரையில் மெதுவாக நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்தார். அது பாதிகூடத் தாண்டவில்லை.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துத் துண்டால் தட்டிப் போட்டார்.

"உக்காருங்க. மோர் குடிங்க," என்றார் கடைக்காரரிடம். "டிசைன் மருமகளோடதுங்க. அவ சொன்னாத்தான் தறி ஓடும்."

கடைக்காரர் உட்கார்ந்தார்.